லேடீஸ் டப்பாவில் பழைய பாட்டு

கல்யாணமாகிப் பல வருஷம் வரை நான் பாடுவேன் என்பது என் கணவருக்குத் தெரியாது. இதில் அவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. பெண் பார்க்க வந்தபோது, பம்பாயில் எங்கள் மாதுங்கா வீட்டில் காப்பி டம்ளரைக் கீழே வைத்த கையோடு அவருடைய சித்தப்பா, "கொழந்தை ஒரு பாட்டுப் பாடட்டுமே" என்றார். இதை எதிர்பார்த்து அம்மா முதல் நாளே என்னை எச்சரித்து வைத்திருந்தாள். "கீர்த்தனை ஒண்ணும் உனக்கு உருப்படியா வராது. அந்த கிராமபோன் ப்ளேட் பாட்டை எடுத்துவிட்டு மானத்தை வாங்காதே. பாட வராதுன்னு சொல்லிடு." நானும் தலையைக் குனிந்துகொண்டு அப்படியே சொன்னேன். "போறது, சமைக்கத் தெரிஞ்சா சரி" என்று சித்தப்பா பெரிய மனசு பண்ணினார். பெண்ணுக்குப் பாட வராது என்பது அன்றைக்கு இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்ட விஷயமாகிவிட்டது.

உண்மையில் எனக்கு ஒழுங்காக வந்தது பாட்டு ஒன்றுதான். நான் வளர்ந்த கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துச் சுற்றுகிற கிராமபோன் இருந்தது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் வந்த படங்களின் பாட்டெல்லாம் அவரிடம் ப்ளேட்டாக இருந்தது. அந்தக் காலத்துப் படங்களில் கதாநாயகி ஒரு வாய்த் தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பாடித்தான் கேட்பாள். நான் எங்கள் சமையலறை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று அத்தனையையும் பாடம் பண்ணினேன். நீளமான பாட்டு ப்ளேட்டின் ஒரு பக்கத்துக்குள் அடங்காது. பாதியில் நிற்கும். அவர் மெதுவாக எழுந்து ப்ளேட்டைத் திருப்பிப் போட்டு ஊசியை வைத்த பிறகு மீதி வரும். நான் பாட்டைக் கற்றுக்கொண்டதும் அந்த நிறுத்தத்தோடுதான். இன்றைக்கும் அந்த இடம் வந்தால் என்னையறியாமல் நின்று மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த அடிக்குப் போவேன்.

கல்யாணத்துக்குப் பிறகு செம்பூரில் ஒரு காலனிக்கு வந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு பெண் குழந்தை. கோட்டைப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. விடியற்காலை குழாயில் தண்ணீர் வருவதற்கு முன் எழுந்து, சமைத்து, இரண்டு டப்பாக்களில் அடைத்து, குழந்தையைக் கீழ்வீட்டில் ஒப்படைத்துவிட்டு ஓடினால்தான் ரயிலைப் பிடிக்க முடியும். நாள் முழுக்கக் கப்பல் சரக்கு விவரங்களைத் தட்டிவிட்டு மாலையில் வி.டி. ஸ்டேஷனுக்கு வரும்போது விரல்களெல்லாம் எனக்குச் சொந்தமில்லாதவை மாதிரி இருக்கும். வீடு போய்ச் சேர்ந்தால் மறுபடி அடுப்பு. அப்போது எனக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது கால்வலிதான்.

இதற்கு நடுவில் எனக்கென்று இருந்தது அந்த மாலை ரயில் மட்டும். பம்பாயில் ரயிலில் பாடுவது ஒன்றும் அதிசயமில்லை. காலையில் ஆண்கள் பெட்டியில் ஜால்ராவும் கையுமாக பஜனை நடக்கும். எங்கள் லேடீஸ் டப்பாவில், அதாவது பெண்கள் பெட்டியில், மாலையில் தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர், ஆண்கள் பெட்டியைப் பிரிக்கும், மேலே மட்டும் கம்பி வலை வைத்த தடுப்போரமாக உட்கார்ந்து பழைய சினிமாப் பாட்டுப் பாடுவோம். யார் ஆரம்பித்தார்கள் என்று நினைவில்லை. ரே ரோடு ஸ்டேஷன் தாண்டிக் கூட்டம் கொஞ்சம் விலகிக் கொடுத்ததும் யாராவது ஒருத்தி முணுமுணுப்பாள், மற்றவர்கள் பிடித்துக்கொள்வோம். சிவ்ரியில் உப்புக்காற்று அடிக்கும்போது பாட்டு உச்சத்தில் இருக்கும். தமிழ் ஒரு வார்த்தை தெரியாத ஒரு மராத்திக்கார அம்மாள் எதிரே உட்கார்ந்து, கீரை ஆய்ந்துகொண்டே காலால் தாளம் போடுவாள்.

எங்களில் நன்றாகப் பாடியவள் தேவ்நாரிலிருந்து வந்த ஒரு டெலிபோன் ஆபரேட்டர். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாடகர் குழு, மற்ற நாளெல்லாம் எங்கள் குழு. நான் மேலே பாடினால் அவள் கீழே இன்னொரு குரல் கொடுத்துத் தாங்குவாள். என்னைவிட இரண்டு வயதுதான் சின்னவள். ஆனாலும் வாய் நிறைய மாமி என்றுதான் கூப்பிடுவாள். "மாமி, இன்னைக்கு என்ன மூஞ்சி இப்படித் தொங்கிக் கெடக்கு? பாடுங்க, எல்லாம் சரியாயிரும்" என்பாள். சரியாகத்தான் போகும். செம்பூர் வரும்வரை சரியாக இருக்கும்.

என் கணவருக்கு அதுவரை காட்கோபர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. பிறகு அவரைத் தலைமை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். அதுவும் கோட்டையில். மாலையில் அவரும் நான் வரும் அதே ஹார்பர் லைன் ரயிலைப் பிடிக்க ஆரம்பித்தார். செம்பூரில் இறங்கி, மார்க்கெட்டுக்குப் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. நான் நேராகக் குழந்தையை எடுக்க ஓடுவேன். அதனால் ஒரே ரயிலில் வந்தாலும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. அந்தக் கூட்டத்தில் சொந்தச் செருப்பையே பார்க்க முடியாது, புருஷனை எங்கே பார்ப்பது?

ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர் என்றுமில்லாத உற்சாகத்தோடு, "இன்னிக்கு ரயில்ல ஒரு அதிசயம் கேட்டியோ?" என்றார். "பக்கத்து லேடீஸ் டப்பாவில யாரோ ஒரு பொம்மனாட்டி பாடினா பாரு. பழைய பாட்டு. ஓடக்காரனைக் கூப்பிடறாப்பல வருமே, அது. என்ன சாரீரம்! நான் கேட்டு இருபது வருஷம் இருக்கும்."

ரசக் கரண்டி என் கையில் அப்படியே நின்றது. அன்றைக்கு ஓடக்காரன் பாட்டைப் பாடியது நான்.

"நீங்க பழைய பாட்டெல்லாம் கேப்பேளா?" என்றேன்.

"கேப்பேளாவா? சின்ன வயசுல எங்க ஊர் ஹோட்டல் வாசல்ல நின்னுண்டு ப்ளேட் கேட்டே எனக்குப் பள்ளிக்கூடம் போச்சு. உனக்கு அதெல்லாம் பிடிக்காதோன்னு நான் பேசறதில்லை" என்றார். பிறகு எதையோ கண்டுபிடித்தவர் போலக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொண்ணு சொல்றேன் கேளு. அவ ப்ளேட்டுலதான் கத்துண்டிருக்கா. பாதியில, ப்ளேட்டைத் திருப்பற எடத்துல, ஒரு மூச்சு நிறுத்திட்டுத்தான் பாடறா. என் வயசுக்காராளுக்குத்தான் அது தெரியும்."

இத்தனை துல்லியமாகக் கேட்கிற மனிதர், கூடவே இருப்பவளை மட்டும் எப்படிக் கோட்டை விட்டார் என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ரயில் சத்தம் ஒரு காரணம். அந்தக் காலத்துப் பாட்டை அந்தக் காலத்து உச்ச ஸ்தாயியில் பாடுவேன், அது ஒரு காரணம். வீட்டில் அவர் கேட்ட என் குரல் 'சாதம் போடட்டுமா', 'குழந்தைக்கு ஜுரம்', 'பால்காரன் வரலை' என்பதோடு சரி. எல்லாவற்றையும்விட, எனக்குப் பாட வராது என்று முடிவாகிப் பல வருஷமாகிவிட்டது.

"நீயும் அந்த ரயில்லதானே வரே? யார் அதுன்னு பாரேன்" என்றார்.

"நான் முன்பக்கம் இருக்கற லேடீஸ் டப்பாவில ஏறுவேன், பாலத்துக்குப் பக்கமா இருக்கும்" என்று ஒரு பொய் என் வாயிலிருந்து தானாக வந்தது. ஏன் சொன்னேன்? அவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அந்த நிமிஷமே எனக்கு ஒரு வீம்பு பிறந்துவிட்டது. 'நான்தான் அது' என்று நானே போய்ச் சொன்னால் அதற்கு என்ன மதிப்பு? ஒரு நாளாவது இவர் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்து, 'நீயா?' என்று கேட்க வேண்டும். எனக்கு அது வேண்டியிருந்தது. நகை நட்டு எதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

அதன்பிறகு எங்கள் ராத்திரிச் சாப்பாடு மாறிவிட்டது. அதுவரை விலைவாசியும் குழந்தையின் இருமலும்தான் பேச்சு. இப்போது அவர் பாட்டைப் பற்றிப் பேசினார். எந்தப் படத்தில் எந்தச் சாமியார் வேஷக்காரர் எந்தப் பாட்டைப் பாடினார் என்று அவர் சொல்வார், நான் தெரியாதவள் போலக் கேட்டுக்கொள்வேன். "ஊஞ்சல் பாட்டு ஒண்ணு உண்டு. அதையெல்லாம் இப்ப யார் பாடப்போறா?" என்று ஒரு நாள் பெருமூச்சு விட்டார். மறுநாள் ரயில் சிவ்ரி தாண்டியதும் நான் ஊஞ்சல் பாட்டை எடுத்தேன்.

அன்றைக்கு அவர் காய்ப் பையைக்கூட இறக்கி வைக்காமல் வாசலிலிருந்தே, "ஏண்டீ, கேட்டியோ, ஊஞ்சல் பாட்டு!" என்று கத்தினார். "நேத்து சொன்னேன், இன்னிக்குப் பாடறா! என்ன பொருத்தம் பாரு!"

நான் வெண்டைக்காயைப் பொறுக்கி எடுத்துக்கொண்டே, "அப்படியா?" என்றேன்.

இப்படியே பல நாள் நடந்தது. அவர் ராத்திரி ஆசைப்படுவார், நான் மறுநாள் பாடுவேன். அந்தப் பெண்ணுக்கு ஏதோ தெய்வ சம்பந்தம் இருக்கிறது என்றுகூட ஒரு தடவை சொன்னார். இத்தனை தூரம் வந்த மனுஷர் இன்னும் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டாரா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறாரே என்று கோபம் வரும். ஆனால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒரே பாட்டை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தடுப்புக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு அனுபவித்தோம். எங்கள் கல்யாணத்தில் அதைவிட நெருக்கமாக நாங்கள் இருந்த காலம் எதுவும் எனக்கு நினைவில்லை.

டெலிபோன்காரியிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அவளுக்குப் பொறுக்கவில்லை. "ஒங்க வீட்டுக்காரவ அந்தப் பக்கம் நின்னு கேக்காவ, நீங்க இந்தப் பக்கம் இருந்து பாடுதிய. இது என்ன கூத்து மாமி? நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஆம்பளைய தானா மோப்பம் பிடிக்கட்டும்னு காத்துக் கெடந்தா கெழவியாயிருவிய" என்றாள். அவள் சொன்னது சரிதான். சரி என்று தெரிந்தும் செய்யாததுதானே வீம்பு.

அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அவருக்குப் பிரமோஷன் வந்தது. ஆபீஸர் கிரேடு. ஸ்வீட் வாங்கிக்கொண்டு வந்தார். குழந்தைக்கு ஊட்டினார், எனக்குக் கொடுத்தார். நான் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். கணுக்கால் வீங்கியிருந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், "இனிமே நீ எதுக்கு அலையணும்? வேலையை விட்டுடு" என்றார். "நானும் பாத்துண்டுதான் இருக்கேன். நீ ரொம்பக் களைச்சுப் போறே. குழந்தையும் பாவம், கீழாத்துலயே வளர்றது. போதும், நீ பட்டது."

அதட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் பிரியமாகச் சொன்னார். பல வருஷத்தில் முதல் தடவையாக என் காலைப் பார்த்துச் சொன்னார். எனக்கும் உடம்பு கெஞ்சியது. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம் என்று நினைத்தபோதே கண் சொருகியது. முடியாது என்பதற்கு நான் என்ன காரணம் சொல்வது? சாயங்காலம் ரயிலில் பாட வேண்டும், அதற்காக நாள் முழுக்க டைப் அடிக்கப் போகிறேன் என்றா? அதைச் சொல்ல வேண்டுமானால் முதலில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் அதை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு நடமாடினேன். ராத்திரி அவர் எதிரே உட்கார்ந்து அந்தப் பெண்ணின் குரலைப் பற்றிப் பேசும்போதெல்லாம், இதோ கேட்டுவிடுவார், இதோ கேட்டுவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. நான் ஆபீஸில் சொல்லிவிட்டேன்.

கடைசி நாள் நல்ல மழை. குர்லாவுக்கு முன்னால் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயில் நின்றுவிட்டது. விசிறி இல்லை, வெளிச்சம் மங்கல், ஜன்னல்களையெல்லாம் இறக்கிவிட்டிருந்ததால் புழுக்கம். யாருக்கும் பேசக்கூடத் தெம்பில்லை. டெலிபோன்காரி என் கையைப் பிடித்து, "பாடுங்க மாமி" என்றாள். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாடினேன். அவளும் விடாமல் கூட வந்தாள். ஒவ்வொரு பாட்டும் முடியும்போது ஆண்கள் பக்கத்திலிருந்து தடுப்பைத் தட்டிப் பாராட்டினார்கள். அத்தனை தட்டல்களில் அவருடையது எது என்று நான் காதைக் கொடுத்துப் பார்த்தேன், பிரித்தறிய முடியவில்லை. ரயில் கிளம்பியபோது டெலிபோன்காரி அழுதுகொண்டிருந்தாள். "நானாச்சும் அந்தக் கம்பி வலை வழியா எட்டிப் பாத்துச் சொல்லிருதேன்" என்றாள். கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தவர் நனைந்த சட்டையைக்கூடக் கழற்றாமல், "இன்னிக்கு ஒரு முழுக் கச்சேரியே கேட்டேன். ரயில் நின்னதே எனக்குத் தெரியலை" என்றார். துவாலையை எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் தொண்டை கட்டியிருந்தது. மழையில் நனைந்திருப்பாய், மிளகு போட்டுப் பால் குடி என்றார்.

வீட்டில் இருப்பதும் ஓய்வில்லை என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிட்டது. வேலை எப்படியோ நாள் முழுவதும் பரவிக்கொள்கிறது. மத்தியானம் தூங்கினால் தலை கனத்தது. குழந்தை கீழ்வீட்டுக்கே போக வேண்டும் என்று அழுதாள். கால் வீக்கம் வடிந்தது. வேறு என்னவோ ஒன்று கனத்துக்கொண்டே போனது. ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சும் மெல்ல மெல்ல விலைவாசிக்குத் திரும்பியது.

ஒரு நாள் அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே, "அந்தப் பொம்மனாட்டி இப்பல்லாம் வரதே இல்லை" என்றார். "மத்தவா பாடறா, சோபிக்கலை. உடம்பு கிடம்பு சரியில்லையோ என்னமோ."

"வேலையை விட்டுட்டா" என்றேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும். அவ ஆத்துக்காரர் விடச் சொன்னார், விட்டுட்டா."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "கிராதகன்! அப்படிப் பாடறவளைக் கொண்டுபோய் ஆத்துல அடைச்சு வெச்சிருக்கானே, அவனெல்லாம் ஒரு மனுஷனா? பாட்டுன்னா என்னன்னு அவனுக்குத் தெரியுமோ?"

நிஜமான கோபம். எனக்காக அவர் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. இரண்டையும்விடப் பெரிதாகக் களைப்பு வந்தது. இத்தனை நாள் அந்த வீம்பைச் சுமந்து திரிந்த களைப்பு.

"அவர் நல்ல மனுஷர்தான்" என்றேன். "பழைய பாட்டுன்னா அவருக்கு உசிர். தினம் ராத்திரி சாப்பிடறச்சே எந்தப் பாட்டு வேணும்னு சொல்லுவார். அவளும் மறுநாள் ரயில்ல பாடிடுவா."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன். அது வந்தபோது எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

"ஒரு பாட்டுப் பாடேன்" என்று கெஞ்சினார். அவர் கேட்டு நான் பாடாமல் இருப்பேனா? நிமிர்ந்து உட்கார்ந்து ஆரம்பித்தேன். நாலு சுவருக்குள் குரல் மெலிந்து கேட்டது. கீழிருந்து தாங்க இன்னொரு குரல் இல்லை, எதிரே தாளம் போட ஒரு கால் இல்லை, நாள் முழுக்க உழைத்துவிட்டு அப்பாடா என்று உட்கார்ந்திருக்கும் பெண்கள் இல்லை. இரண்டாவது அடியிலேயே நிறுத்திவிட்டேன்.

"இங்கே வரலை" என்றேன்.

அவர் பதறிப்போய், "நாளைக்கே உன் ஆபீஸுக்குப் போவோம். நானும் வரேன். திரும்ப எடுத்துப்பா" என்றார்.

"என் டைப் மெஷின்ல வேற ஒரு பொண்ணு உக்காந்தாச்சு" என்று சொல்லிவிட்டு, அவருடைய டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன்.